திரும்பி வந்த றோல்ஸ்

போர்கோ வெக்கியோவில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் விக்னராஜா அண்ணை, இத்தாலிக்கு வருமுன் எண்ணெய்க் கப்பலில் வேலை செய்தவர். கப்பலை விட்டாலும் அந்தக் கதையை விடவில்லை.

“எண்ணெய் விக்கிற நாட்டிலையே பெற்றோலுக்கு வரிசை. தோண்டின எண்ணெயை அப்பிடியே கப்பல்லை ஏத்திவிட்டு, பெற்றோலைப் பிறத்தியிட்டை வாங்கிறாங்கள். தன்ரை வீட்டுக்கு எடுத்து வைக்கத் தெரியாதவங்கள்” என்பார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் இதே பேச்சு. எனக்குக் காது புளித்துவிட்டது.

இப்போது அவருக்குப் பிழைப்பு றோல்ஸ். மனைவி அம்பிகை அக்கா ஆட்டிறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரிப்பார். அத்தனையும் பக்கத்துப் பொலிதேயாமா சதுக்கத்தில் ஒரே ஒரு கடைக்குப் போகும். வேறு யார் கேட்டாலும் கிடையாது. “ஒரே ஆள் எண்டால் கரைச்சல் இல்லை” என்பார் அண்ணை.

போன ஞாயிறு மகள் ஜெனனியைப் பார்க்கக் கத்தானியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளைகள் இருவரும் முன்பே விரும்பிவிட்டார்கள். பெடியனின் தாய் றோசமலர்தான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. “அம்பிகையின்ரை றோல்ஸ் சாப்பிட வாறன், மிச்சம் பிறகு கதைப்பம்” என்று மட்டும் போனில் சொல்லியிருந்தார்.

தேநீர் ஊற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரயிலால் இறங்கிவிட்டோம் என்று அவர்கள் போன் எடுத்த பிறகுதான், விருந்தாளிகளுக்கென்று அக்கா எடுத்து வைக்கச் சொன்ன றோல்ஸ் தட்டத்தையும் அண்ணை பழக்கதோஷத்தில் கடைக்குக் கொண்டுபோய்விட்டது தெரிந்தது. ஜெனனிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணை வீட்டுச் செருப்போடேயே கடைக்கு ஓடினார்.

திரும்பி வந்தவர் வாசலில் விருந்தாளிகளோடேயே முட்டுப்பட்டார். கையில் கடைக்காரன் ரிப்பன் கட்டிக் கொடுத்த பெட்டி. நட்புக்காகக்கூட அவன் விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லையாம்.

றோசமலர் பெட்டியைப் பார்த்தார், ஒரு றோல்ஸை எடுத்துச் சாப்பிட்டார். அண்ணை கப்பலில் இருந்தவர் என்று அறிந்திருந்த அவர் கணவர் பேச்சுக்குக் கேட்டார்: “அண்ணை, எண்ணெய் இருக்கிற நாட்டிலை ஏன் பெற்றோல் இல்லாமல் போகுது?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் வாயைத் திறந்தார். கண் ரிப்பனில் பட்டது. மூடிக்கொண்டார்.

அம்பிகை அக்காதான் பதில் சொன்னார். “காலமை நான் பொரிச்ச றோல்ஸை இப்ப கடையிலை விலைக்கு வாங்கிக்கொண்டு வாறார். அங்கையும் இவர் மாதிரி ஒரு ஆள்தான் பொறுப்பிலை இருக்கும்.”

றோசமலர் சிரித்ததில் தேநீர் சேலையெல்லாம் சிந்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு றோல்ஸை எடுத்தார்.

“கலியாணத்துக்கு வேண்டிய றோல்ஸை இப்பவே எடுத்துப் பூட்டி வை அம்பிகை” என்றார். “திறப்பைச் சம்பந்தியிட்டைக் குடுத்திடாதை.”