வால் முளைத்த எப்சிலான்

கல்லூரிக் கணிதத்துறையில் அவருக்குத் தும்மல் சார் என்றுதான் பெயர். சாக்பீஸ் தூசி மூக்கில் ஏறினால் போதும், மாடியில் அவர் போடும் தும்மலுக்குக் கீழே நிற்கிற சைக்கிளெல்லாம் தானாக மணியடிக்கும். சாக்பீஸ் ஆகாதவர் கணக்கு வாத்தியாரானது, தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவன் மீன்பிடிக்கப் போன கதை என்பாள் மனைவி.

தலைமுடி முழுக்கக் கொட்டியும் வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. இந்த வருடம் ஓர் இடம் காலி. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் வழக்கம்போல நாமம். அந்தத் துறைத்தலைவர், அடுத்தவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தன் பெயரை முதலில் போட்டே பெரியாள் ஆனவர். அவற்றைப் படிக்கும் கெட்ட பழக்கம் மட்டும் கிடையாது.

எப்சிலான் என்று கணக்கில் ஓர் எழுத்து. எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு அதுதான் அடையாளம். ஒருநாள் அதைக் கரும்பலகையில் எழுதும்போதே தும்மல் வந்தது. சாக்பீஸ் சறுக்கி, எப்சிலானுக்குக் குரங்குவால்போல ஒரு கோடு முளைத்துவிட்டது. கண்ணில் நீர் வழிய நின்றவர் அதைக் கவனிக்கவில்லை.

தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டைப் பிரித்தார். முதல் தாளில் எப்சிலானுக்கு வால். கையெழுத்துக் கோளாறு என்று நினைத்தார். அடுத்ததிலும் வால். ஒருவன் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான். இன்னொருவன் நுனியைச் சுருட்டியே விட்டிருந்தான். தன் தும்மல் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஈயடிச்சான் காப்பி கேள்விப்பட்டிருக்கிறார், தும்மலடிச்சான் காப்பியை இப்போதுதான் பார்க்கிறார். பக்கத்தில் இருந்த டீயைத் தள்ளி வைத்தார். கேள்வி, இந்த எப்சிலானை ஏன் முதலில் எடுக்கிறோம் என்பது. அதற்கு ஒருவனும் பதில் எழுதவில்லை.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் வால் போடவில்லை. ஏன் எடுக்கிறோம் என்பதைத் தன் வார்த்தையில் எழுதி, இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை என்று நிறுத்தியிருந்தாள். அதற்கு நல்ல மதிப்பெண் போட்டு அவளைத் தேர்ச்சி பெறவைத்தார். மற்றவர்களுக்கு அதில் பாதிதான்.

திருத்திய கட்டு கைக்குப் போன மறுநாளே துறைத்தலைவர் கூப்பிட்டார். மேசைமேல் விடைத்தாள்கள் ஒரு பக்கம், வேலைக்கான கோப்பு மறுபக்கம். கையில் மூடி திறந்த பேனா.

"எல்லாரும் வால் போட்டிருக்காங்க. இந்தப் பொண்ணு மட்டும் விட்டுட்டா, இவளைப் போய் பாஸ் பண்ணியிருக்கீங்க. இவளை ஃபெயில் பண்ணிட்டு, மத்தவங்களுக்கு முழுசா போட்டுக் கொண்டாங்க. நானும் இதுல கையெழுத்துப் போட்டுடுறேன்."

"அந்த வாலுக்கு என்ன அர்த்தம் சார்?"

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு தரம் துடைத்தார்.

"இதெல்லாம் அடிப்படைங்க. இதுகூடத் தெரியாமலா பாடம் நடத்துறீங்க?"

தும்மல் சாருக்கு அழுகின முட்டையை முகர்ந்ததுபோல முகம் கோணியது. வாடகை வீடும் மனைவியும் கண்ணுக்குள் வந்தார்கள். அந்தப் பேனாவையும் பார்த்தார்.

"அது வால் இல்ல சார், என் தும்மல். அந்தப் பொண்ணுதான் தும்மலைத் துடைச்சுப் போட்டுட்டு கணக்கை எழுதியிருக்கா. மார்க்கை மாத்த மாட்டேன்."

பேனா மூடிக்கொண்டது.

மதிப்பெண்ணில் யாரும் கைவைக்கவில்லை. வைத்தால் வால் கதை சந்திக்கு வந்துவிடுமே. பெண் தேறினாள். வேலை, துறைத்தலைவரிடம் ஆராய்ச்சி செய்த, அவர் பையைத் தூக்கியே தோள் இறங்கிப்போன ஒரு சீடனுக்குப் போனது. விஷயத்தைக் கேட்ட மனைவி முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினாள்.

"விடுங்க. அந்தாளு கையெழுத்துப் போட்ட சோறு தொண்டையில இறங்குமா?"

கல்லூரி திறந்ததும் தும்மல் சார் பழையபடி தற்காலிகமாகவே வந்தார். பக்கத்து வகுப்பில் சீடனின் முதல் பாடம். மாணவர்களிடம் வாங்கிய பழைய நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். வாசலைக் கடக்கும்போது இவர் கரும்பலகையைப் பார்த்தார். சீடன் எப்சிலானை எழுதினான். ஓரடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்தான். பிறகு நிதானமாக அதற்கு ஒரு வால் வரைந்தான்.

அவனுக்குத் தும்மல்கூட வரவில்லை.