நடந்தே போகிறேன், கோபம் இல்லை

என் வலது கால் செருப்பு எந்த இடத்தில் கழன்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடையை விட்டுக் கிளம்பும்போது இரண்டு காலிலும் இருந்தது. வீட்டு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்து, "இன்னொரு செருப்ப எங்க விட்டிய?" என்று கேட்டாள். குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அரைக் கிலோமீட்டர் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

நான் தென்காசியில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவன். குடம், தட்டு, குத்துவிளக்கு எதுவானாலும் வாங்குகிறவர் சொல்லும் பெயரைச் சின்ன மின்கருவியால் பொறித்துக் கொடுப்பேன். படிப்பு பத்தாம் வகுப்பு. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பேச வேண்டியது "என்ன பேரு?", "இனிஷியல்?" என்ற இரண்டு கேள்விகள்தான். கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

அது தை மாதம், முகூர்த்தக் கூட்டம். உட்கார்ந்தே இருப்பதால் கால் மரத்துவிட்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்தோம். மூன்றாம் நாள் கடையில் யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருக்க முடிந்தது. மறுநாள் கையும் சொன்னபடி கேட்கவில்லை. ஆலங்குளத்துக்காரர் ஒருவருடைய குடத்தில் 'சு' என்று தொடங்கிய எழுத்து குடத்தைப் பாதி சுற்றிவிட்டுத்தான் நின்றது. முதலாளி என்னைத் திட்டவில்லை. உடனே வண்டி பிடித்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்.

அங்கே பெரிய டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் உதறவில்லை. பதினைந்து நாளுக்குள் வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டார். வந்தது, ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு. எனக்கு வந்திருப்பது கில்லன் பாரே (கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் சக்தி, தவறுதலாக நரம்பையே தாக்கும் நோய்) என்றார்.

"நரம்பு கரண்டு ஒயரு மாதிரி. மேல இருக்கிற உறைய உங்க உடம்பே அரிச்சுப்போட்டுது. செய்தி போகும், ஆனா பாசஞ்சர் ரயில் மாதிரி நின்னு நின்னு போகும்" என்றார்.

இந்த நோயில் பயப்பட வேண்டியது மூச்சுக்குத்தான். பலவீனம் காலிலிருந்து மேலே ஏறி, மூச்சு விடும் தசைக்கு வந்துவிடலாம். அதனால் நர்ஸ் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பார். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். சத்தமாக எண்ணுங்கள்.

நான் அப்படி எண்ணவில்லை. வார்டில் இருபது கட்டில். சுற்றி அவரவர் சொந்தக்காரர்கள். அத்தனை பேர் முன்னால் ஒன்றாம் வகுப்புப் பையனைப் போல ஒன்று, இரண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டேன். அடுத்த முறை பத்து. அரை மணி நேரத்தில் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். உள்ளே கேட்க ஆள் இல்லை. நர்ஸ் எண்ணச் சொன்னதும் முப்பத்திரண்டு வரை எண்ணினேன். டாக்டர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் ஏற்றினார்கள். நோய் மூச்சு வரை ஏறாமல் நின்றது. ஆனால் காலுக்கு உயிர் வரவில்லை. பலம் வந்துவிடும், மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். உணர்ச்சி வருமா என்று கேட்டேன். "வரலாம். முழுசா வருமான்னு சொல்ல முடியாது. நடக்க நடக்கத்தான் தெரியும்" என்றார்.

அன்று கட்டிலில் படுத்தபடியே என் பயணத்தைத் திட்டமிட ஆரம்பித்தேன். உலகத்தில் நான் ஆசைப்பட்டுப் பார்க்கிற ஊர் ஒன்றுதான், குற்றாலம். எங்கள் வீட்டிலிருந்து ஐந்தரைக் கிலோமீட்டர். சாரல் காலத்தில் வாரம் இரண்டு தடவை போய் மெயின் அருவியில் நின்றுவிட்டு வருவேன். அங்கே யாரும் என்னிடம் பேச முடியாது. தண்ணீர்ச் சத்தம் விடாது. இந்தச் சாரல் முடிவதற்குள் அங்கே என் காலால் நடந்து போக வேண்டும். தண்ணீர் பாதத்தில் பட்டால் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அந்த ரோட்டில் தினமும் நடந்தேன். மற்றவர்களுக்குக் கடையும் மரமும் அடையாளமாக இருக்கும், எனக்குப் பாத்திரம். கோயில் தாண்டி மூன்றாவது வீடு, இரண்டு பித்தளைக் குடம், ஒரு தாம்பாளம். மேலகரத்தில் பச்சைக் கேட் வீடு, பதினோரு டிபன் பாக்ஸ், எல்லாவற்றிலும் ஒரே பெயர். நன்னகரம் திருப்பத்தில் ஒரு குத்துவிளக்கு. கல்யாணம் நின்றுபோய், பெயரை அழிக்கச் சொல்லி வந்தார்கள். இப்படிப் போய்ப் பல நாள் மேலகரத்திலேயே தூங்கிவிடுவேன்.

பங்குனியில் வீட்டுக்கு வந்தேன். முதலில் நாலு கால் வைத்த வாக்கரைப் பிடித்து நடந்தேன், பிறகு கைத்தடி. தென்காசியில் பிசியோதெரபி (தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சை) பார்த்த ஜாஸ்மின் மேடம் செங்கோட்டைக்காரர். என் வயதில் பாதி இருப்பார். என் பயணத் திட்டத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தினமும் எதுவரை போய் வந்தேன் என்று எழுதச் சொன்னார். தடி இல்லாமல் அருவி வரை நடந்துவிட்டால் கடைக்கு வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. முதல் பக்கத்தில் வீட்டிலிருந்து அருவி வரை படம் வரைந்து, பாத்திரங்களைக் குறித்தேன். முதல் வாரம் தெருமுனை. இரண்டாம் வாரம் கோபுர வாசல். எங்கள் ஊர்க் கோபுர வாசலில் அடிக்கிற காற்று நல்ல காலுள்ளவரையே இரண்டடி பின்னால் தள்ளும். நான் தடியை ஊன்றிக்கொண்டு, காற்று ஓயட்டும் என்று கால் மணி நேரம் நின்றிருந்தேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா திருநீறு கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம்தான் வினை தொடங்கியது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் நடந்து போவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனால் மரியாதைக் குறைவு. நிறுத்தியவர் வண்டியில் ஏறாவிட்டால் அவர்மேல் மனத்தாங்கல் என்று அர்த்தம். இருபத்தாறு வருடம் பெயர் வெட்டியிருக்கிறேன். என்னைத் தெரியாத வீடு இல்லை. அதிலும் கையில் தடி.

முதலில் நின்றவர் சாகுல் அண்ணாச்சி. வளைகுடாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்து, இப்போது மொபெட்டில் ஊர் சுற்றுகிறவர். மூன்று மகள்களுக்கும் நான்தான் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டினேன். "ஏலே மாடசாமி, இந்தக் காலோட எங்கன போற? ஏறு" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் தினமும் யாராவது. மேலகரம் வரை போவேன், யாராவது திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு நாள் மூன்று வண்டி சேர்ந்தாற்போல நின்று, யார் ஏற்றுவது என்று அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. நோட்டில் நான் பொய் எழுதவில்லை. 'மேலகரம் வரை போய் வந்தேன்' என்று எழுதினேன். போனதும் உண்மை, வந்ததும் உண்மை.

ஆனி மாதம் ஜாஸ்மின் மேடம் ஆறு நிமிட நடைச் சோதனை (ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பது) வைத்தார். வராந்தாவில் சில தடவை போய் வருவதற்குள் தொடை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறியது. பேச்சியம்மாளைத் தனியே கூப்பிட்டு, தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறவர் திடீரென்று இப்படி ஆனால் நோய் மறுபடி தாக்குகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது, நாளைக்கே திருநெல்வேலிக்குப் போய் நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்ப்பது) எடுத்துவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் பிளாஸ்க், போர்வை, தட்டு என்று தை மாதம் எடுத்துப்போன அதே பையில் அதே சாமான்களை அடுக்கினாள். காலையில் பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். நோய் எனக்கு. பயம் அவளுக்கு. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"நான் நடக்கல பேச்சி. எல்லாரும் வண்டியில ஏத்திக்கிட்டாவ" என்றேன்.

பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டது, போயும் விட்டது. அவள் அசையவில்லை.

"ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்ல முடியாதா உங்களால?"

"கோச்சுக்கிடுவாவ."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"ஊரு கோச்சுக்கிடும்னு பாத்திய. நான் ராத்திரி பூரா தாலியப் பிடிச்சுக்கிட்டுல்லா உக்காந்திருந்தேன். அது தெரியல?"

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, இதுவரை எத்தனை பேர் வண்டியில் ஏறினேன் என்று கேட்டாள். மனக்கணக்காகச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு மாசத்துல ஊருல ஒரு வண்டி பாக்கி வைக்கல நீங்க" என்றாள்.

நேரே ஜாஸ்மின் மேடத்திடம் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் நடந்ததை மட்டும் எழுதுங்கள், உட்கார்ந்ததை எழுத வேண்டாம் என்றார். சோதனை வேண்டாம், ஒரு மாதம் ஒழுங்காக நடந்து காட்டுங்கள் என்று கெடு வைத்தார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் இல்லையே. பேச்சியம்மாள் யோசித்துவிட்டு, "உங்களுக்குப் பேசத்தான வராது? வெட்ட வருமுல்லா" என்றாள். கடைக்குப் போய் விளிம்பு நசுங்கிய ஒரு சாப்பாட்டுத் தட்டையும் என் கருவியையும் வாங்கி வந்தாள். நோய்க்குப் பிறகு கருவியை அன்றுதான் கையில் எடுத்தேன். எழுத்தெல்லாம் குளிரில் நடுங்குவதுபோல் வந்தது. 'வைத்தியத்துக்காக நடந்தே போகிறேன். வண்டி வேண்டாம். கோபம் இல்லை.' பழக்கதோஷத்தில் அதற்குக் கீழே 'அன்பளிப்பு' என்று வெட்டி, என் பெயரையும் போட்டுவிட்டேன். அழிக்க இடமில்லை. இரண்டு ஓட்டை போட்டு, கயிறு கோத்து, முதுகில் கட்டிவிட்டாள்.

வெட்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் தட்டு முதுகில் இருந்ததால், யார் படிக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டியதில்லை. வெயில் பட்டால் பின்னால் வருகிறவர்களுக்குக் கண் கூசும். அதனால் வேகத்தைக் குறைத்து, நிதானமாகப் படித்தார்கள். ஒருவர் கூடவே வந்து, அன்பளிப்பு யாருக்கு என்று கேட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை மாதம் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மாதம் உண்மையாகவே நடந்தேன். நோட்டில் தூரம் குறைந்தது, காலில் பலம் ஏறியது. தடியை வீட்டில் வைத்தேன்.

ஆடியில் ஒரு நாள், சாரல் நின்றுவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். பேச்சியம்மாள் பஸ்ஸில் போய் அருவியில் காத்திருப்பதாக ஏற்பாடு. கோயில் தாண்டியதும் பின்னால் மொபெட் சத்தம். சாகுல் அண்ணாச்சி தட்டை முழுதாகப் படித்தார்.

"சரிடே, நீ ஏறாண்டாம். நான் கூட வரக்கூடாதுன்னு இதுல போடலயே?"

ஐந்தரைக் கிலோமீட்டரும் என் வேகத்துக்கே வண்டியை ஓட்டினார். சும்மா வரவில்லை. துபாய் வெயிலில் நடந்த கதை, மூன்று மருமகன்களின் குறை, எல்லாம் சொன்னார். வண்டி இரண்டு தடவை அணைந்தது. நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. பச்சைக் கேட் வீடு, குத்துவிளக்கு வீடு எல்லாம் கட்டிலில் படுத்து நடந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்று மணி நேரம் ஆயிற்று.

மெயின் அருவி சிவப்பாக, முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவை மறைத்துக்கொண்டு கொட்டியது. தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. கயிறு கட்டி, ஒரு போலீஸ்காரர் நின்றார். நான் மலைத்துப்போய்த் திரும்பி நின்றேன். என் முதுகைப் படித்தவர், "இன்னைக்கு யாரும் குளிக்க முடியாது அண்ணாச்சி. கோவம் இல்லையே?" என்றார்.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து, கடைவீதி ஓரப் படியில் தண்ணீர் வழிந்தோடிய இடத்துக்குக் கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் உள்ளே வைத்தேன். தண்ணீர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன பாசஞ்சர் ரயில் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் கூட்டம். நான் சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றில் இடது காலுக்குக் குளிர் வந்தது. வலது காலுக்கு ஆறில்.

"வந்துட்டு" என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாரல் என்றாள்.

திரும்பும்போது சாகுல் அண்ணாச்சி கேட்பதற்கு முன்னால் நானே போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். நோட்டில் அன்று இப்படி எழுதினேன்: 'போனது நடை. வந்தது வண்டி.'

இப்போது கடைக்குப் போகிறேன். எழுத்து முன்போல நேராகிவிட்டது. கால் மட்டும் இன்னும் கொஞ்சம் தாமதம். முன்பெல்லாம் தொட்டதும் சுட்டதும் அந்தந்த நொடியே நடந்து முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கும் என் பாதத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தூரம் இருக்கிறது. செய்தி அதையும் நடந்தே கடந்து வருகிறது. நான் அவசரப்படுத்துவதில்லை, ஆறு வரை எண்ணிக் காத்திருக்கிறேன். கடையை விட்டுக் கிளம்பும்போது மட்டும், இரண்டு செருப்பும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.