கிளட்ச் இல்லாத கார்

புதிய மாடலின் படங்கள் ஒரு புதன்கிழமை காலை வந்தன. நான் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் ஏர்கோன் பராமரிப்பவன். அந்த நேரம் கூரைமேல் ஒரு கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டிருந்தேன். சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் யாருக்கு என்னவோ என்று பயந்து எடுத்துப் பார்த்தால், எங்கள் கார் குரூப்.

குரூப்பின் பெயர் ‘மூணு பெடல்’. மொத்தம் பதினோரு பேர். எல்லோரிடமும் ஒரே கார்தான்: ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து, இங்கே ரீகோனாக வந்திறங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் இரண்டு பேர் வசதியாக உட்காரலாம். பின்னால் பேருக்கு இரண்டு சீட், அதில் ஒரு மூட்டை அரிசியை வைக்கலாம். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்று பெடல். ஆட்டோ கியர் வைத்திருப்பவனைச் சேர்ப்பதில்லை என்பது எங்களுடைய ஒரே சட்டம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, பத்துமலையைத் தாண்டி உலு யாம் போகும் மலைப்பாதையில் வரிசையாக ஏறி இறங்குவோம். வளைவுக்கு வளைவு கியரை இறக்கி ஏற்றுவதற்காகத்தான் இவ்வளவும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது விளங்கியதே இல்லை. “காலங்காத்தால பத்துமல வழியா போயிட்டு சாமி கும்பிடாம வர்ற கூட்டம் நீங்கதான்” என்பாள் என் மனைவி.

அந்தக் காரைத்தான் கம்பெனி பல வருடம் கழித்து மாற்றி வடிவமைத்து வெளியிட்டிருந்தது. மதியத்துக்குள் நாங்கள் எல்லோரும் நீதிபதி ஆகிவிட்டோம். முகம் அகலம். விளக்குகள் தூக்கக் கலக்கத்தில் இருக்கின்றன. பின்பக்கம் வேறு ஏதோ காரிலிருந்து கழற்றி மாட்டியது. செராஸில் டயர் கடை வைத்திருக்கும் நண்பர் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, “இந்த டயர மாத்தணும்னா கிட்னிய விக்கணும் லா” என்று குரல் செய்தி போட்டார். அதுவரை எல்லாம் விளையாட்டு. கடைசிப் படம் காரின் உள்பக்கம். ஓட்டுபவரின் காலடியில் இரண்டே பெடல். புது மாடலில் கிளட்ச்சே கிடையாது, ஆட்டோ மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒப்பாரிதான். நானும் கூரைமேல் நின்றபடியே நாலு வரி எழுதினேன். அதில் இரண்டு வரி இங்கே எழுதக்கூடியதாக இல்லை.

ஒருவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கிள்ளானில் இருக்கும் அண்ணன். உடன்பிறந்தவர் இல்லை, இருபது வருடப் பழக்கத்தில் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எங்களில் முதலில் அந்தக் காரை வாங்கியவரும் அவர்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறினால் கியர் மாறுவது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. போன வருடம் இனிப்பு நீர், சர்க்கரை வியாதிதான், அவருடைய இடது காலைப் பிடித்தது. கட்டைவிரலில் ஆரம்பித்த புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் வைத்து நடக்கப் பழகினார். கிரேனிலிருந்து இறக்கி ஆபீசில் உட்கார வைத்தார்கள். கார் வீட்டு வாசலில் உறை போர்த்தியபடி நின்றது. வாரம் ஒருமுறை ஏறி உட்கார்ந்து, ஊன்றுகோலால் கிளட்ச்சை அழுத்திக்கொண்டு எஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார் என்று அண்ணி ஒருமுறை சொன்னார்.

மறுபடியும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுவோமா, மாட்டோமா? அவருக்கு அந்த ஒரு வருடமும் அது ஒன்றுதான் கேள்வி. எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து ஷா ஆலம் பக்கம் ஒரு ஷோரூமில் புதுக் காரை வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகவில்லை. ரொட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு மீதிப் பத்துப் பேரும் நேரே அங்கே போய்விட்டோம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட எங்களைவிட நாகரிகமாக நடந்துகொள்வார்கள். ஒருவர் தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒருவர் கதவைத் திறந்து திறந்து மூடி, சத்தம் தகரம் மாதிரி இருக்கிறது என்றார். செராஸ் நண்பர் டயரை முகர்ந்தே பார்த்தார். விற்பனைப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான், “அங்கிள், மெதுவா அங்கிள்” என்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

நான் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், சீட் நன்றாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வெளியே ஒன்பது பேர் என் தீர்ப்புக்காகக் காத்திருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. போனை எடுத்து என் கால்களை வீடியோ எடுத்தேன். வலது காலை பிரேக்கில் வைத்தேன். இடது காலைச் சும்மா ஆட்டிக் காட்டினேன்.

“பாத்துக்குங்க மக்களே. இந்தக் காடிக்கு ஒரு காலு போதும். இன்னொரு கால வீட்டுலயே வெச்சிட்டு வரலாம் லா!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பேச்சில் நானே மயங்கி, கையோடு அதை குரூப்பில் போட்டேன்.

முதலில் சிரிப்பை நிறுத்தியது செராஸ் நண்பர்தான். பக்கத்தில் வந்து குனிந்து, “பாஸ், கிள்ளான் அண்ணே குரூப்புலதானே இருக்காரு?” என்றார்.

உடனே அழித்தேன். அழிப்பதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது, ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் அவர் குரூப்பை விட்டு வெளியேறினார் என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது. கார்க் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு வெளியே வந்தோம்.

வேண்டுமென்று சொல்லவில்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. அவர் காலை மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். மறந்ததுதான் அசிங்கம். ஆஸ்பத்திரியில் நாலு நாள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

அங்கிருந்து நேரே கிள்ளானுக்குப் போனேன். ஹைவேயில் ஒவ்வொரு முறை கிளட்ச்சை மிதித்தபோதும் என் இடது காலை எனக்கே பிடிக்கவில்லை.

அண்ணி கேட்டைத் திறந்தார். “வாங்க தம்பி” என்றார். முகத்தில் அந்த ‘வாங்க’ இல்லை. உள்ளே விடாமல் வாசலிலேயே வைத்துச் சொன்னார்.

“படம் வந்த அன்னிக்கே அந்தக் காடிய புக் பண்ணிட்டாரு. யாருகிட்டயும் சொல்லல. அதுக்கு முன்னாடியே லைசென்ஸ ஆட்டோ கியருக்கு மாத்தி வாங்கி வெச்சிருந்தாரு. இப்ப வேணாமாம். நாளைக்கு கேன்சல் பண்ணப் போறாராம். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்ச அன்னிக்குக்கூட அவரு இப்படி உக்காரல தம்பி.”

நான் உள்ளே போனபோது அண்ணன் ஹாலில் சோபாவில் இருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார், ஷூவோடு. டிவி ஓடவில்லை.

“என்ன மன்னிச்சிருங்கண்ணே. யோசிக்காம பேசிட்டேன்.”

“என்ன தப்பா சொன்ன? ஒரு காலு போதும். அதனாலதான புக் பண்ணேன்.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கேன்சல் பண்ணாதீங்கண்ணே, நல்ல காடிதான்” என்றேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்ல காடியா? மூஞ்சியப் பாத்தியா நீ? பெருச்சாளி மாதிரி இருக்கு. உள்ள அவ்ளோ பெரிய ஸ்கிரீன வெச்சிருக்கான், டிவி கடையில உக்காந்த மாதிரி. கியர் மாத்தத் தெரியாதவனுக்கு எதுக்கு ஸ்போர்ட்ஸ் காடி? உங்க எல்லாரையும் விட எனக்குத்தான்டா அது புடிக்கல.”

“அப்புறம் எதுக்குண்ணே…”

“நம்ம காடியில அத மட்டும்தான் என்னால ஓட்ட முடியும்.”

அண்ணி சமையலறையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது, அவர் எதிரில் அழுதால் அது இன்னும் கேவலம் என்று அடக்கிக்கொண்டேன். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுகிறேன், ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும், பிறகு கேன்சல் செய்யட்டும். அவர் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது. “வருவாரு.”

செவ்வாய்க்கிழமை ஷோரூமில் அதே பெண். எங்களைத் தனியாக அனுப்ப அவளுக்கு அனுமதி இல்லை. அந்தப் பின் சீட்டில் முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு, பையை மடியில் வைத்து ஒருவழியாக உட்கார்ந்தாள். அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினார்.

“மொதல்ல நீ ஓட்டு. ரெண்டு காலு இருக்கிறவன் எப்படி ஓட்டுறான்னு பாக்கறேன்.”

வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஏறினேன். ஷோரூம் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும் வரை ஒழுங்காகத்தான் போனேன். கொஞ்சம் வேகம் எடுத்ததும் எஞ்சின் சத்தம் உயர்ந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்த உடனே என் இடது கால் என்னைக் கேட்காமலே எழும்பி, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஓங்கி மிதித்தது. ஆட்டோ காரில் பிரேக் பெடல் அகலம், அந்த இடம் வரைக்கும் நீண்டிருக்கும். கார் நட்ட நடு ரோட்டில் அறைந்த மாதிரி நின்றது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. அந்தப் பெண்ணின் தலை என் சீட்டில் இடித்தது. பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனார், போகிற போக்கில் மலாயில் என் பரம்பரையை விசாரித்தார்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இந்த அங்கிளுக்கு லைசென்ஸ் இருக்காமா, கேளு” என்று பின்னால் திரும்பிச் சொன்னார். தலையைத் தடவிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

ஒரு பெட்ரோல் நிலையத்தில் இடம் மாறினோம். அவர் சீட்டை இழுத்துச் சரிசெய்தார். செயற்கைக் காலை இரண்டு கையாலும் தூக்கி, இடது ஓரத்தில் பாதம் வைக்கும் மேடையில் நேராக வைத்தார். பிறகு ஒரு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

கிளம்பியபோது குலுக்கல் இல்லை. முதல் சிக்னல் வரை மெதுவாகப் போனார். இரண்டாவது சிக்னலைத் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அழுத்தினார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பியபோதுதான் கீழே கவனித்தேன். எஞ்சின் சத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது தொடை கொஞ்சம் எழும்பி இறங்கியது. அந்த ஷூ மேடையில் டொக் என்று தட்டியது. கியர் தானாக மாறிக்கொண்டிருந்தது. அவரும் ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, காலு…”

“தெரியும்” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “ராத்திரியில அந்த இல்லாத பாதம் வலிக்கும்டா. விரல யாரோ முறுக்குற மாதிரி. டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு, ஒண்ணும் கேக்கல.” இன்னொரு முறை டொக் என்றது. “இப்ப வலிக்கல.”

அவர் கேன்சல் செய்யவில்லை. மூன்று மாதத்தில் கார் வந்தது. கிள்ளானில் அவர் வீட்டுப் பக்கத்துக் கோவிலில் பூசை. எங்கள் குரூப்பில் யாருக்குக் கார் வந்தாலும் எல்லோரும் போவது வழக்கம். அன்று என்னை மட்டும் கூப்பிட்டிருந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். அவர் அவற்றை நசுக்கிக்கொண்டு வெளியே ஓட்டி வந்தபோது அண்ணி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார், பட்டுச் சேலையில், கைப்பிடியை இறுகப் பிடித்தபடி.

பூசை முடிந்து சாப்பிடும்போது நான் விஷயத்தை எடுத்தேன். குரூப்பில் எல்லோரும் பேசிவிட்டோம், அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டோம், பெயரையே மாற்றக்கூடத் தயார், அவர் திரும்ப வர வேண்டும் என்றேன். அவர் தட்டில் பொங்கலை ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேணாம் தம்பி. நான் வந்தா நீங்க யாரும் ஆட்டோவத் திட்டமாட்டீங்க. காடி மூஞ்சியப் பத்திப் பேசமாட்டீங்க. காலுங்கிற வார்த்தையே வராமப் பாத்துக்குவீங்க. பத்துப் பேரு வாயப் பொத்திக்கிட்டு ரொட்டி சாப்பிடுறத எதுத்தாப்புல உக்காந்து நான் பாக்கணுமா?”

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்படித்தான் இருந்திருப்போம்.

எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. கிள்ளானுக்குப் போனால் சாப்பிடாமல் விடமாட்டார், பழைய மாதிரிதான் பேசுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவதில்லை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் இரண்டாவது டீ குடிக்கும் நேரத்துக்கு அவர் தனியாக மலை ஏறிவிடுவார். நாங்கள் ஏறும்போது இறங்கி வருவார். ஏதாவது ஒரு வளைவில் அந்த அகல முகம் எதிரே வரும். இது என் வாயால் வந்தது என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்வேன். அவர் இரண்டு முறை லைட் அடிப்பார். நாங்கள் பத்துப் பேரும் வரிசையாகத் திருப்பி அடிப்போம். யாரும் நிறுத்துவதில்லை.