மிஸ் லாம்பர்ட்டின் பேச்சுக் குழாய்

சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை. நடந்தது போன ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் எங்கள் புல்தரை விமானத் திடலில். ஒரு வார்த்தை கூட்டவில்லை. குறைத்தது மட்டும் உண்டு, அதுவும் வேறோர் இடத்தில்.

மிஸ் லாம்பர்ட் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். வார நாட்களில் அல்ஜீப்ரா. வார இறுதியில், 1939-இல் செய்த டைகர் மாத் என்ற இரண்டு இருக்கை விமானத்தில் ஏறிக் கண்காட்சிகளில் குட்டிக்கரணம் அடிப்பார். எனக்கும் என் வகுப்புத் தோழன் காரெத்துக்கும் பறக்கக் கற்றுத்தந்தவரும் அவர்தான். கணக்கில் காரெத் 94, நான் 91. வானத்திலும் அந்த மூன்று மார்க்கை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

பிப்ரவரியில், எண்பத்தொரு வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். உயிலைப் படித்தார்கள். விமானம் காரெத்துக்கு. எனக்கு அவருடைய டீ ஃபிளாஸ்க். அதற்கு மூடி வேறு இல்லை.

பத்தொன்பது வருடமாக அந்த விமானத்தின் முன்விசிறியைக் கையால் சுழற்றிக் கிளப்பிவிட்டவன் நான். மாப்பிள்ளை ஏறக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் உத்தியோகம்.

அன்று அவர் நினைவாகக் கண்காட்சி. காரெத் பின் இருக்கையில் ஓட்ட வேண்டும். முன் இருக்கை டீச்சருடையது, காலியாகப் போகும். காலி இருக்கையின் பட்டைகளை இறுக்கிக் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். தொங்கினால், இரண்டு இருக்கைக்கும் இணைந்த ஓட்டும் கைப்பிடியில் சிக்கி ஆளையே கொன்றுவிடும். முந்தைய மாலை 6:30-க்கு நானே கட்டினேன். இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன்.

காலை 5:50. மூடுபனி. கொட்டகையில் யாரும் இல்லை. திருட்டுத்தனமாகப் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், அடுத்தவன் பொம்மையை எடுத்து விளையாடும் பிள்ளை மாதிரி.

முன்னால் பார்த்தேன். பட்டைகள் அவிழ்ந்து கிடந்தன.

எலியாக இருக்கும் என்று நினைத்தேன். கொக்கியை எந்த எலி கழற்றும்?

தோல் தொப்பியை மாட்டினேன். அதன் காதோடு பேச்சுக் குழாய் சேர்ந்திருக்கும். மின்சாரம் கிடையாது, வெறும் ரப்பர் குழாய். முன்னால் இருப்பவர் வாயிலிருந்து பின்னால் இருப்பவர் காதுக்கு.

5:53. குழாயில் மூச்சு...

என் மூச்சா? அடக்கினேன்.

அது நிற்கவில்லை.

"காரெத் வந்தாச்சா?"

"மிஸ்... நான் நைஜல்."

வகுப்பில் தப்பான விடை சொன்னால் விடுவாரே, அதே பெருமூச்சு.

"நீ இறங்கு. இன்னிக்கு அவன்தான்."

பயத்தில் உறைந்திருக்க வேண்டியவன் நான். முதலில் வந்தது வயிற்றெரிச்சல். செத்தும்கூட அவனைத்தானா தேடி வந்தார்?

"அவன்கிட்ட சொல்லு... நான் 'என் கையில'ன்னு சொன்னா, உடனே கைய விட்டுடணும்."

என் முழங்கால்களுக்கு நடுவே கைப்பிடி மெல்லச் சாய்ந்தது.

இடம்.

வலம்.

நான் தொடவில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கொட்டகைக்கு வெளியே புல்லில் விழுந்துகிடந்தேன். மணி 5:56.

8:10-க்கு, வெளிச்சத்தில், ஆட்கள் சூழ நின்றபோது பட்டைகளை மறுபடி கட்டினேன்.

மதியம் 1:55. காரெத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தான்.

"என்னடா மூஞ்சி இது? மிஸ் கனவுல வந்து திட்டினாங்களா?"

வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அந்தக் குரலை நாலு மாதத்துக்குப் பிறகு கேட்டவன் நான் ஒருவன்தான். அதையும் அவனுக்கே கொடுப்பதா?

"ஒண்ணுமில்ல. ஏறு."

"முன்னாடி நீ உக்காரேன், நைஜல். மிஸ் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க."

"உன் தயவு வேணாம்பா."

சிரித்தபடி ஏறினான். இடது தோளைத் தேய்த்துக்கொண்டான். விசிறியைச் சுழற்றினேன். 2:04-க்கு எழுந்தான்.

அழகாகத்தான் பறந்தான். 2:23-க்கு இறங்க வரும்போது காற்று சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பியது. திடலில் காற்றின் திசை காட்டும் துணிப்பை துவண்டு, மறுபக்கம் நிமிர்ந்தது. காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். விமானம் உடனே மேலெழுந்தது. வட்டமடித்து, திடலின் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து இறங்கியது. இரண்டு சக்கரங்களும் வாலும் ஒரே நொடியில் புல்லைத் தொட்டன. 2:27.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் தட்டவில்லை.

விமானம் எனக்கு எதிரே வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது.

காரெத் இறங்கவில்லை.

ஓடினேன்.

தலை மார்பில் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில், உள்ளங்கை மேலே பார்த்தபடி...

முன் இருக்கையில் பட்டைகள் அவிழ்ந்திருந்தன.

மாரடைப்பு என்றார்கள். இறங்கி நின்ற பிறகு வந்ததாம். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்.

ஒன்பது நாள் கழித்து அவன் மனைவி லின் வந்தாள். அவனுடைய கைக்கடிகாரம் நாடித்துடிப்பைக் குறித்துவைக்கும் வகை. அந்தப் பதிவைக் கைபேசியில் காட்டினாள். 2:19 வரை மலைபோல ஏறி இறங்கும் கோடு. பிறகு சின்னச் சின்ன நடுக்கம்.

2:21-க்குக் கோடு நேராகிவிட்டது.

காற்று திரும்பியது 2:23-க்கு.

லின் என் முகத்தையே பார்த்தாள். "அன்னிக்கு அவன்கூடக் கடைசியாப் பேசினது நீதான். முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சுதா, நைஜல்?"

"இல்ல லின்" என்றேன்.