பார்த்து எழுதாத பாவம்

கணக்கு டீச்சரிடம் யாரும் பீரியடைக் கடன் கேட்க மாட்டார்கள். நன்னெறி டீச்சராக இருந்து பாருங்கள், மணி அடிப்பதற்குள் வாசலில் மூன்று பேர் நிற்பார்கள், "போர்ஷன் முடியல மிஸ், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று.

செஞ்சியில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் எனக்கு அந்த வேலைதான். மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போய்விடுவார்கள். மிச்சப் பேர் என்னிடம் நன்னெறி கற்க வேண்டும். பிள்ளைகள் வாயில் அது 'மாரல்'. பரீட்சையில் மார்க் கிடையாது, ஃபெயில் கிடையாது, ஆகவே பயமும் கிடையாது. ஆனால் பள்ளியில் எவன் எந்த ஜன்னலை உடைத்தாலும், எந்த மதத்துக்காரன் உடைத்தாலும், "இதான் நீங்க சொல்லிக்குடுத்த லட்சணமா?" என்று என்னிடம்தான் இழுத்து வருவார்கள். உங்களில் யாராவது மாரல் எடுத்திருந்தால் இந்தப் பாடு தெரியும்.

போதாத குறைக்கு, இந்த வருஷம் பள்ளி திறந்ததுமே தலைமை சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். "ஒன்பதாம் கிளாஸ் அடுத்த வருஷம் பப்ளிக் எழுதணும் டீச்சர். இன்னொரு பீரியட் வேணும்னு கணக்கு சார் நச்சரிக்கறாரு. அரையாண்டுக்குள்ள உங்க மாரலால ஒரு பலன் என் கண்ணுக்குத் தெரியணும். இல்லன்னா பீரியட் அவருக்கு, நீங்க எல்.கே.ஜி.க்கு. பசங்ககிட்ட இதைச் சொல்லி அழக்கூடாது."

எல்.கே.ஜி.! மூக்கு துடைக்கவா நான் எம்.ஏ. படித்தேன்?

கோட்டைக் குரங்கு

முதல் வாரமே வந்தது வழக்கு. ஒரு பெண்ணின் டிபன் பாக்ஸிலிருந்த லெமன் சாதம் காணோம். சந்தேகத்தின் பேரில் இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவன் ஸ்டீபன், மறைக்கல்விக்காரன். இன்னொருவன் வல்லத்துப் பிரவீன், என்னுடைய ஆள். "கோட்டைக் குரங்கு வந்து துன்னுட்டுப் போயிடுச்சி மிஸ்" என்றார்கள், ஒரே குரலில். டிபன் பாக்ஸோ கழுவித் துடைத்து, மூடி போட்டு, பையில் வைத்து ஜிப்பும் இழுத்திருந்தது. அப்படிப்பட்ட குரங்கு ஒன்று இந்த மலையில் இருந்தால் அதற்கு நான் மாரலே எடுக்கத் தேவையில்லை.

போட்டு உலுக்கியதில் ஸ்டீபன் ஒத்துக்கொண்டான். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. "சனிக்கிழமை ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடுவேன் மிஸ்" என்றான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பக்கத்தில் நின்ற பிரவீனுக்கோ வேறு எரிச்சல். "அவனுக்கு ஃபாதர் இருக்காரு, சொல்லிட்டு வந்துடுவான். எங்களுக்கு மாரல்ல அந்த மாரி இன்னா மிஸ் இருக்குது?"

ஒழுகுவது எப்படி?

புத்தகத்தில் இரண்டாம் பாடம் நல்லொழுக்கம். தொண்டை வறள நடத்திவிட்டு, அடுத்த வாரம் ஒரு சின்ன டெஸ்ட் வைத்தேன். முதல் கேள்வி: 'வகுப்பறையில் ஒழுகுவது எப்படி?' கேள்வியை எழுதும்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் ஒன்பதாம் வகுப்பு பழைய ஓட்டுக் கட்டடம்.

பிரவீன் எழுதியிருந்தான்: 'குரங்கு ஓட்டைத் தள்ளியதால் ஒழுகுகிறது. மூன்றாவது பெஞ்சில் அதிகமாக ஒழுகும்.' எழுந்து நிற்கச் சொல்லிக் கத்தினேன். அவன் பேந்தப் பேந்த முழித்தான். கேலியே இல்லை, அவன் நிஜமாகவே எழுதியிருக்கிறான். "வகுப்பறைன்னு போட்டிருந்தீங்க மிஸ். எங்க வூட்டைக் கேட்டிருந்தா இன்னும் நாலு எடம் எழுதியிருப்பேன்."

பணிவு பேட்ஜ்

பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றாரே சிஸ்டர், அதனால் வாரம் ஒரு நற்பண்புக்கு ஒரு பேட்ஜ் என்று ஆரம்பித்தேன். புத்தி கெட்டுப் போய் முதலில் 'பணிவு' பேட்ஜை அனந்தபுரத்து மகாலட்சுமிக்குக் குத்திவிட்டேன். தங்கமான பெண், அதிர்ந்து பேச மாட்டாள். பேட்ஜ் ஏறியதும் நடையே மாறிவிட்டது. அடுத்த வாரம் கழற்றி இன்னொருத்திக்குக் குத்தப் போனால், கையால் பொத்திக்கொண்டு அழுகை.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவள் அம்மா வந்து இறங்கினார். கேட்டில் ஆரம்பித்த குரல் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் குறையவே இல்லை. இது சுற்றில் வரும் பேட்ஜ், எல்லாருக்கும் ஒரு வாரம்தான் என்று விளக்க வாயைத் திறந்தேன், விட்டால்தானே! "எங்க வம்சத்துலயே பணிவுக்கு எங்களை மிஞ்சின ஆள் கெடையாது டீச்சர், அனந்தபுரத்துல வந்து எவனை வேணா கேளுங்க, எவனாவது மறுத்துப் பேசிடுவானா பாக்கறேன்!"

சீசன் முடியட்டும்

'உண்மையே பேசுவோம்' பாடத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. கணக்கு சார் வந்து கேட்டும் பீரியடைத் தரவில்லை. பிரவீன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவன் அப்பா மல்லாட்டை மூட்டையோடு, அதான் நிலக்கடலை, மார்க்கெட் கமிட்டிக்கு விற்க வந்திருக்கிறார், பையனும் கூட. வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, "இன்னாய்யா ஈரமா இருக்குது?" என்று கேட்க, அவர் "பனிங்க" என்றிருக்கிறார். பையன் குறுக்கே பாய்ந்து, "இல்ல நைனா, ராத்திரி நீதானே எடை நிக்கறதுக்குத் தண்ணி தெளிச்ச" என்று சபை நடுவே போட்டு உடைத்துவிட்டான். திங்கட்கிழமை அப்பா என் எதிரில் நின்றார். கோபப்படவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு, அதை வெளியே காட்ட முடியுமா? அவர் சொன்னார்: "பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லிக்குடுங்க டீச்சர், நான் வேணாங்கல; மல்லாட்டை சீசன் முடிஞ்சப்புறம் சொல்லிக்குடுங்க."

கண்ணுக்குத் தெரிந்த பலன்

இந்தத் தெம்பில்தான் சிஸ்டரிடம் போய் வாயைக் கொடுத்தேன். "அரையாண்டு கணக்குப் பரீட்சையை ஒன்பதாம் கிளாஸ் சூப்பர்விஷன் இல்லாம எழுதட்டும் சிஸ்டர். ஒருத்தர் பாத்து எழுதினாலும் நான் எல்.கே.ஜி.க்குப் போறேன்." கணக்கு சார் சிரித்தார். சிஸ்டர் சிரிக்காமல் சரி என்றார்.

பிள்ளைகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "உள்ளே யாரும் இருக்க மாட்டோம். உங்களை நம்பறேன்." சாவித் துவாரத்தில் கண் வைக்காத குறையாக சிஸ்டரும் சாரும் எதிர்மாடி ஜன்னலில் நின்றார்கள், பின்னால் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நான். ஒரு தலை திரும்ப வேண்டுமே! மகாலட்சுமி பேப்பரைக் கையால் மறைக்கக்கூட இல்லை, பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்க்கவும் இல்லை. ஸ்டீபன் பேனாவைக் கடித்தான். பிரவீன் முக்கால்வாசி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே விடை இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடப் பாவிகளா, இவ்வளவு நாள் நான் கத்தினது காதில் விழுந்திருக்கிறதே!

பேப்பர் திருத்தி வந்தது. மகாலட்சுமியும் இன்னும் சிலரும் தவிர வகுப்பே ஃபெயில். காலாண்டில் எல்லாரும் எப்படிப் பாஸானார்கள் என்பது கணக்கு சாருக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. சிஸ்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், முகத்தில் அத்தனை சந்தோஷம். "உங்க மாரல் ஜெயிச்சிடுச்சி டீச்சர்! பசங்க எவ்வளவு வீக்குன்னு இப்பதான் உண்மை தெரியுது, திங்கக்கிழமைலேர்ந்து அந்த பீரியட்ல கணக்கு நடக்கட்டும்."

எல்.கே.ஜி. ஜன்னல்

இப்போது நான் எல்.கே.ஜி.யில்தான் இருக்கிறேன். இங்கே நன்னெறி சுலபம். கடிக்காதே, பிடுங்காதே, அவ்வளவுதான். நேற்று மத்தியானம் ஒரு பயலுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் இரண்டு தலை, மகாலட்சுமியும் பிரவீனும். பள்ளி திறந்ததும் சிஸ்டர் எனக்கு வைத்த நிபந்தனை எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"போங்கடா, மணி அடிச்சிடுச்சி" என்றேன். பிரவீன் நகரவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா மிஸ்? உங்களுக்காக எல்லாரும் பாத்தே எழுதியிருப்போமே!"

அன்புக்காகத் தப்பு செய்யலாமா கூடாதா என்பதுதான் புத்தகத்தில் அடுத்த பாடம். அதை நடத்துவதற்குள் பீரியடைப் பிடுங்கிக்கொண்டதற்கு, உண்மையைச் சொன்னால், கணக்கு சாருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு விடை எனக்கும் தெரியாது.