கூடத்துக்கு ஒரு செம்மஞ்சள் படம்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் இருந்தது அந்த பிளாட். வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் லண்டனில் இருக்கும் உமாசுதனுடையது. அதில் வாழ்ந்தது அவனுடைய அக்கா சுபோதினி. காலி வீதிப் பார்மசியொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, படுக்கையில் விழுந்த தாயைக் கடைசிவரை அவள்தான் பார்த்தாள். வந்த கலியாணப் பேச்சுகளெல்லாம் அந்தக் கட்டிலைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டன. அம்மாவின் செத்தவீட்டில் தம்பி அவள் கையைப் பிடித்து, “இது உங்கட வீடு அக்கா” என்றான். அவள் அதை நம்பினாள்.

இந்த ஆவணியில் லண்டனிலிருந்து வந்தவன், சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிப்பித்தான். “வெறிச்செண்டு கிடக்கு. நல்ல படங்கள் வாங்கி மாட்டுவம்” என்று அக்காவை மருதானைக்குக் கூட்டிப்போனான்.

அங்கே நபீஸ் என்பவரின் படக்கடை முழுக்க உருவமில்லாத ஓவியங்கள். வண்ணக் கட்டங்கள், தீற்றல்கள், வழிந்த கோடுகள்.

“இதில என்ன கீறியிருக்கு?” என்று கேட்டாள் சுபோதினி.

நபீஸ் சிரித்தார். “உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான் மிஸ். ஒரிஜினல் எல்லாம் வெளிநாட்டுல இரிக்கி. இது நாங்க அக்ரிலிக்ல பாத்து வரையிற கொப்பி.”

“உங்களுக்குப் பிடிச்சதை எடுங்கோ அக்கா” என்றான் உமாசுதன்.

திரைச்சீலையின் நிறத்தைக்கூட அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தாள். கடைசியில், கருநீலத்துக்கு மேல் செம்மஞ்சள் பரந்து கிடந்த பெரிய படமொன்றைக் காட்டினாள். வேலை விட்டு வரும்போது ஒழுங்கை முடிவில் தெரிகிற வானம் மாதிரி இருந்தது. சாம்பல் நிறத்தில் இன்னும் இரண்டை அவன் எடுத்தான். “இது எல்லாருக்கும் பிடிக்கும்” என்றான். யார் அந்த எல்லாரும் என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தால், கூடத்தில் ஒருவன் கமெராவோடு நின்றான். வீட்டுத் தரகன் றொஹானாம். அவளுடைய மருந்துப் பெட்டி, தையல் மெசின் எதையும் அங்கே காணவில்லை. அம்மாவின் படம் குளியலறையில், உடுப்புக் கழுவும் மெசினுக்கு மேல் குப்புறக் கிடந்தது.

“மேடம், கொஞ்சம் அங்கால. போட்டோல விழுறீங்க. இண்டைக்கே சேல் விளம்பரம் போடணும்.”

உமாசுதன் அறைக்குள்ளிருந்து வந்தான். “நானே சொல்ல இருந்தனான் அக்கா. பிள்ளையளின்ர படிப்பு... கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டோட சேர்ந்த சின்ன அனெக்ஸ் உங்களுக்கு வாடகைக்குப் பாத்திருக்கிறன்.”

“வீட்டை வில்லு. உன்ர வீடு. ஆனா பிடிச்சதை எடுங்கோ எண்டு என்னை ஏன் கேட்டனி?”

அவன் றொஹானைத் திரும்பிப் பார்த்தான். “பொம்பிளையள் படம் தெரிஞ்செடுத்தால் வீடு வடிவா இருக்கும் எண்டு றொஹான் சொன்னவர்.”

சுபோதினி அம்மாவின் படத்தை நிமிர்த்தி, சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவன் பார்த்த அனெக்ஸை அவள் எட்டியும் பார்க்கவில்லை. பார்மசியில் கூட வேலை செய்யும் நிஷாந்தி, தன் வீட்டு மேல்மாடி அறையைக் கொடுத்தாள். தையல் மெசினும் இரண்டு பெட்டிகளும் ஒரு ஓட்டோவில் போயின. வாங்க வந்தவர்கள் செம்மஞ்சள் படத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று அவன் போனில் இழுத்தபோது, “நான் அதை எடுத்துக்கொண்டு வரேல்லை, அங்கதான் கிடக்கு” என்றாள்.

இப்போதும் ஞாயிறுகளில் போன் எடுக்கிறான். பிள்ளைகளின் சுகம் கேட்பாள். போன ஞாயிறு, “வாற வருசம் உங்களோட வந்து நிக்கிறன் அக்கா” என்றான்.

“இங்க இடம் காணாது தம்பி. ஹோட்டல்ல நில்லு.”