அரிசிப் பானைக் கல்லும் ஏழாம் கட்டை மலையும்

அன்று காலை முதல் வேலையாக அரிசிப் பானைக்குள் கையை விட்டு, ஒளித்து வைத்திருந்த கல்லை எடுத்துக் கழுவினேன். 1962, ஜூன் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. அண்ணி இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்லைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அது என் தம்பி செல்வம் கனடாவிலிருந்து அனுப்பிய கல். அங்கே பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவது அவன் வேலை. போன மாதம், பனி உருகிய ஏரியில் படகு கவிழ்ந்து இறந்துவிட்டான். தகனம் அங்கேயே நடந்தது. இங்கே பதினாறாம் நாள் காரியத்துக்கு, இறந்தவருக்குப் பதிலாக ஊன்ற ஒரு கல் வேண்டும் என்றார்கள். அண்ணன் செல்வத்தின் கல்லைக் கேட்டார். சடங்கு முடிந்ததும் அந்தக் கல் கடலுக்குள் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். காணவில்லை என்று பொய் சொன்னேன். சிராங்கூன் சாலை ஓரத்தில் சாலை போடக் கொட்டியிருந்த குவியலிலிருந்து ஒரு கல்லை அண்ணன் எடுத்து வந்தார். என் தம்பியாக இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அது சாங்கிக் கடலுக்குள் போனது. இங்கே சாலைக்குக் கல் உடைப்பது ஏழாம் கட்டை மலையில் என்றார்கள். அது எங்கிருந்து வந்த கல் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

என்னைப் போன்ற புவியியல் ஆசிரியைகள் பிள்ளைகளை அழைத்துப் போக நினைத்தால் பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறேன். தேக்கா சந்தைக்கு எதிரே 7.20க்குப் பேருந்து ஏறினேன். கட்டணம் முப்பது காசு. கால்வாயை ஒட்டியே புக்கித் தீமா சாலை போகிறது. ஆறு மைல் தூரம், முப்பத்தைந்து நிமிடம். வழியெல்லாம் தூறல். ரயில் பாலம் தெரிந்ததும் மணியை இழுத்துவிடுங்கள், அதுதான் ஏழாம் கட்டை, நகரின் நடுவிலிருந்து ஏழாவது மைல்கல். முனைக் கடையில் கோப்பி பத்துக் காசு. ருசி சுமார்தான். அங்கிருந்து செம்மண் பாதையில் இருபது நிமிடம் நடந்தால் கல்லுடைக்கும் மலை.

கங்காணி மாணிக்கம் வாசலிலேயே மறித்தார். ஐம்பது வயதிருக்கும். மீசையிலும் கல்தூள். குடையையும் கைப்பையையும் பார்த்ததுமே டீச்சர் என்று முடிவு செய்துவிட்டார்.

"என்னா டீச்சர், கல்லு வேணுமா? நாங்க லோரிக் கணக்குலதான் குடுப்போம் லா. கைப்பையில எல்லாம் அள்ள முடியாது."

"பார்க்கத்தாங்க வந்தேன்."

"கல்லப் பாக்க வர்ற மொத ஆளு நீங்கதான். கோயிலுக்குள்ள இருந்தாத்தான் நம்ம ஆளுங்க கல்லப் பாப்பாங்க."

தம்பியின் கல்லைக் கொடுத்தேன். கையில் எடை பார்த்தார். சுத்தியலால் மெல்லத் தட்டினார். கறுப்பும் இளஞ்சிவப்புமாக மடிந்து கிடந்த வரிகளைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது நம்ம கல்லு இல்ல. எங்க எடுத்தீங்க?"

"கனடா. இருநூற்றைம்பது கோடி வருஷத்துக் கல்லு."

"அப்ப இத உடைக்கச் சொன்னா என் சம்பளம் பத்தாது."

பத்து வருடமாக வகுப்பில் கனடாவை வரைகிறேன். மேற்கே உயர்ந்த மலைகள், நடுவே கோதுமைச் சமவெளி, கிழக்கே தேய்ந்த பழைய மலைகள், வடக்கே உறைந்த தீவுகள். ஹட்சன் விரிகுடாவைச் சுற்றி நாட்டின் பாதியளவுக்குக் கேடயப் பாறைப் பிரதேசம். மிகப் பழைய பாறை என்பதால் மிக உயரமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அதற்கும் மலைக்கோடு போட்டுவந்தேன். செல்வம்தான் எழுதினான்: "அக்கா, அழித்துவிடு. இங்கே மலையே இல்லை. பனிப்பாளம் மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. வெறும் பாறையும் ஏரியும்தான். பூமியின் எலும்பின் மேல் நடக்கிறேன்."

மாணிக்கம் குழியின் மேல் விளிம்புக்குக் கூட்டிப்போனார். கீழே சாம்பல் நிறப் பாறைச்சுவர், அதன்மேல் வீட்டுயரத்துக்குச் செம்மண். மண்ணுக்குள் ஒரு உருண்டைக் கல் தெரிந்தது. "தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். விரல் உள்ளே போனது. பொலபொலவென்று உதிர்ந்தது. மின்னும் மணிகள் மட்டும் உள்ளங்கையில் ஒட்டின.

"இதுவும் கல்லுதான் டீச்சர். மழையும் வெயிலும் தின்னுருச்சு. இந்த ஊர்ல நிக்கறது ஒண்ணும் இல்ல, எல்லாம் கரஞ்சுரும்."

பாறைச் சிதைவு என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றுதான் கையில் பட்டது. மழைக்குக் குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டில் என் மேசையில் செல்வத்தின் மேலதிகாரி எழுதிய கடிதம் கிடக்கிறது. அஸ்தி அவர் அலுவலகத்தில் இருக்கிறது. கப்பலில் அனுப்பவா, இல்லை மாதக் கடைசியில் வடக்கே போகும் குழுவிடம் கொடுத்து, கடைசியாக அவன் கூடாரம் போட்ட பாறைமேல் தூவிவிடவா என்று கேட்கிறார். அவன் வேலைத் தாள்களில் நெருங்கிய உறவாக என் பெயரே இருப்பதால் நான்தான் பதில் எழுத வேண்டும். அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "பாறைமேல போட்டா எங்க கரையும்மா? கரையாம அவன் எப்படிப் போவான்? சாங்கிக்குக் கொண்டு வா."

திரும்பும்போது மாணிக்கம், "பன்னெண்டுக்கு வெடி, அதுக்குள்ள கெளம்புங்க" என்றார். 11.10க்குப் பேருந்து கிடைத்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். வெடிக்கு முன்னால் சிவப்புக் கொடி ஏறினால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறு வேலை இல்லை. செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். வெள்ளைச் சேலை கட்டிப் போகாதீர்கள், என்னுடையதில் செம்மண் இன்னும் போகவில்லை. போக வர அறுபது காசு, கோப்பியோடு எழுபது.

பேருந்தில் மடியில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. கைக்குட்டையில் தம்பியின் கல், பழைய தாளில் ஒரு பிடி செம்மண். கல்லுகூடக் கரைந்துபோகிற ஊரில் பிறந்து, கரையாத ஒன்றைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போனான். அவனைத் திரும்பக் கொண்டுவந்து கரைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பாறைமேல் விழும் மழை, என்றைக்காவது ஒருநாள் அவனை ஏரிக்குக் கொண்டுபோகட்டும். அங்கே எதற்கும் அவசரமில்லை.

திங்கட்கிழமை விமானத் தபாலில், அவனை அந்தப் பாறையிலேயே விட்டுவிடும்படி எழுதப் போகிறேன். உறைக்குள் ஒரு சிட்டிகை செம்மண்ணும் வைப்பேன், அவனோடு சேர்த்துத் தூவுவதற்கு. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. கல் மறுபடி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.